மேண்டிலுக்குள் மூன்று கதிர்கள்!

ஒன்று இந்தப் பக்கம் வளையும். ஒன்று அந்தப் பக்கம் வளையும். ஒன்று வளையவே வளையாது!

பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு புறப்பட வேண்டிய நேரம். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பூ அலங்காரத்தோடு காரும் வந்துவிட்டது. ஆனால் ஊர்வலம் நகரவில்லை. ஏன்?

“லைட்டு வரவில்லை!”

தெரு விளக்குகள் குறைவாக இருந்த காலத்தில், சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்களில் இது அடிக்கடி காணப்பட்ட காட்சி. லைட்டு என்றால் பெட்ரோமாக்ஸ் லைட்டு. தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையாக வந்து நின்ற பிறகுதான் ஊர்வலம் புறப்படும்.

கல்யாணத்துக்கு மட்டுமா? திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும் திருவிழாக் கடைகளில் அந்த விளக்குதான். இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்துக்கும் அந்த விளக்குதான்.

மண்ணெண்ணெய் ஊற்றி, பம்பு அடித்து, பற்ற வைத்தால் “உஸ்” என்ற சத்தத்தோடு வெள்ளை வெளேர் என்று வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைத் தருவது எது? நடுவில் தொங்கும் சின்னஞ்சிறு வலைப்பை. அதற்கு மேண்டில் என்று பெயர்.

1984-ல் வெளிவந்த “வைதேகி காத்திருந்தாள்” படத்தைப் பார்த்தவர்களுக்கு மேண்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கவுண்டமணியின் கடையில் செந்தில் அதைத் தொட்டு நொறுக்கிய காட்சிக்குச் சிரிக்காதவர் யார்?

அந்த மேண்டிலுக்குள் ஓர் அதிசயம் ஒளிந்திருந்தது. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மூன்று வகைக் கதிர்கள் ஓயாமல் புறப்பட்டுக்கொண்டே இருந்தன!

கன்னியாகுமரி மணல்

மேண்டில் முதலில் சாதாரண நூல் வலைதான். அந்த வலையைத் தோரியம் என்ற உலோகத்தின் உப்பைக் கரைத்த நீரில் ஊற வைத்து உலர்த்துவார்கள். முதல் முறை பற்ற வைத்தவுடன் நூல் எரிந்து போகும். தோரியத்தின் சாம்பல் மட்டும் வலை வடிவத்தில் நிற்கும். அது சூடாகும்போது கண்ணைப் பறிக்கும் ஒளி தரும். நூற்றுக்கு 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். இதுதான் கணக்கு. இந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி ஆவர் வான் வெல்ஸ்பாக்.

தோரியம் எங்கே கிடைக்கும்? நம் தமிழ்நாட்டிலேயே கிடைக்கும்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு தோரியம். 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் இதைக் கண்டுபிடித்தார். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போன மணல்தான் அவருக்கு வழி காட்டியது. மேண்டில் செய்வதற்காகவே அந்த மணலுக்குக் கிராக்கி ஏற்பட்டது.

1950-ல் மத்திய அரசு, அருமண் தாதுக்களுக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் மணவாளக்குறிச்சி ஆலை இப்போதும் இயங்குகிறது.

தோரியத்தின் அணு நிலையானது அல்ல. அது தானாக உடைந்து வேறு அணுவாக மாறும். அந்த அணுவும் உடையும். இப்படிப் படிப்படியாக மாறிக் கடைசியில் ஈயமாக முடியும். ஒவ்வொரு முறை மாறும்போதும் கதிர் வெளிப்படும். இதுதான் கதிரியக்கம். இருக்கும் தோரியத்தில் பாதி அழிவதற்கே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே மேண்டில் பழசானாலும் கதிர் ஓயாது.

மூன்றையும் பிரித்தது எப்படி?

1896-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல், யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருவதைக் கண்டார். 1898-ல் தோரியமும் அப்படியே கதிர் விடுகிறது என்று மேரி கியூரி அறிவித்தார்.

இந்தக் கதிர் ஒரே வகையா, பல வகையா? 1899-ல் ரூதர்போர்டு என்ற இளம் விஞ்ஞானி விடை சொன்னார். “ஒன்று மெல்லிய தகட்டிலேயே நின்றுவிடுகிறது, இன்னொன்று அதைத் தாண்டிப் போகிறது. ஆகவே இரண்டு வகை உண்டு” என்பது அவருடைய முடிவு. முதலாவதற்கு ஆல்பா என்றும், இரண்டாவதற்கு பீட்டா என்றும் பெயர் வைத்தார். 1900-ல் பாரிஸ் நகரில் வில்லார்டு என்பவர் மூன்றாவது வகையைக் கண்டார். அதுதான் காமா.

பெயர் வைத்தாயிற்று. ஆனால் அவை என்ன? கண்ணால் பார்க்க முடியாது. கையால் பிடிக்க முடியாது. பிறகு எப்படி அறிவது?

மின்சாரத்தை வைத்துச் சோதிக்கலாம்!

இரண்டு உலோகத் தகடுகளை எதிர் எதிரே நிறுத்துங்கள். ஒன்றை பேட்டரியின் நேர் முனையோடு சேருங்கள். மற்றொன்றை எதிர் முனையோடு சேருங்கள். இப்போது இரண்டு தகடுகளுக்கும் இடையே மின்சாரத்தின் இழுப்பு இருக்கும். அந்த இடத்துக்கு மின்புலம் என்று பெயர். நேர் மின்சாரம் உள்ள பொருள் அங்கே வந்தால் எதிர்த் தகடு இழுக்கும். எதிர் மின்சாரம் உள்ள பொருள் வந்தால் நேர்த் தகடு இழுக்கும். மின்சாரமே இல்லாத கதிர் வந்தால் நேராகப் போய்விடும்.

இந்த இடைவெளியில் மூன்று கதிர்களையும் செலுத்தினால் என்ன நடக்கும்?

ஆல்பா, எதிர்த் தகடு பக்கம் கொஞ்சம் வளையும்.

பீட்டா, நேர்த் தகடு பக்கம் அதைவிட அதிகமாக வளையும்.

காமா, எந்தப் பக்கமும் வளையாது. நேரே போகும்.

லாரியும் சைக்கிளும்

ஆல்பா ஏன் கொஞ்சம் வளைகிறது? பீட்டா ஏன் அதிகம் வளைகிறது?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பலத்த காற்று அடிக்கிறது. செங்கல் ஏற்றிய லாரி வருகிறது. காற்று அதை லேசாகத்தான் அசைக்கும். பின்னாலேயே ஒரு பையன் சைக்கிளில் வருகிறான். காற்று அவனைச் சாலையின் ஓரத்துக்கே தள்ளிவிடும். லாரியின் ஹெட்லைட் வெளிச்சமோ காற்றைச் சட்டை செய்யாமல் நேராகப் போகும்.

லாரிதான் ஆல்பா. சைக்கிள்தான் பீட்டா. வெளிச்சம்தான் காமா.

காற்று லாரியையும் சைக்கிளையும் ஒரே பக்கம் தள்ளும். மின்புலமோ ஆல்பாவை ஒரு பக்கமும் பீட்டாவை மறு பக்கமும் இழுக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது.

பீட்டா என்பது எலெக்ட்ரான். வீட்டுக் கம்பிக்குள் ஓடி பல்பை எரிய வைக்கிறதே, அதே எலெக்ட்ரான்தான். எதிர் மின்சாரம் உடையது. மிக மிக லேசானது. இதை 1900-லேயே பெக்கரல் மின்புலத்தில் வளைத்துப் பார்த்துவிட்டார். பீட்டாக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. வேகம் குறைந்தது அதிகம் வளையும். வேகம் கூடியது குறைவாக வளையும். ஆகவே அவை ஒரே கோடாக வளையாமல் விசிறி போல விரியும்.

ஆல்பாவோ கனமானது. ஓர் ஆல்பா, சுமார் 7,300 எலெக்ட்ரான்களின் எடைக்குச் சமம்! விநாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அவ்வளவு கனம், அவ்வளவு வேகம்! அதை வளைப்பது லேசா? “ஆல்பா வளையவே வளையாது” என்றுகூடப் பல விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

ரூதர்போர்டு விடவில்லை. அப்போது அவர் கனடாவில் மான்ட்ரீல் நகரில் இருந்தார். பல தகடுகளை நெருக்கமாக அடுக்கினார். தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய இடுக்குகள். கீழே ரேடியம். மேலே, கதிர் வந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி. தகடுகளுக்கு மின்சாரம் கொடுத்தார். ஆல்பா ஒரு மயிரிழை வளைந்தாலும் போதும். பக்கத்துத் தகட்டில் மோதி நின்றுவிடும். அப்படியே நடந்தது. மேலே வந்த கதிர் குறைந்தது!

ஆல்பாவும் வளைகிறது, அது நேர் மின்சாரம் உடையது என்று 1903-ல் உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு 1909-க்குள், ஆல்பா என்பது ஹீலியம் அணுவின் கருதான் என்பதும் உறுதியாயிற்று. திருவிழாவில் பறக்கும் பலூனுக்குள் இருக்கும் வாயு உண்டல்லவா? அதே ஹீலியம்தான்.

காமா என்பது ஒளியின் இனம். எக்ஸ்ரேக்குப் பங்காளி. அதில் மின்சாரமே இல்லை. ஆகவே எத்தனை ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும் அதை வளைக்க முடியாது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் மூன்று கதிர்களையும் ஒரே படத்தில் போட்டிருப்பார்கள். படத்தில் எளிதாகத் தெரியும். நிஜத்தில் காற்றை அகற்றிய பெட்டிக்குள்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும். ஏனென்றால் ஆல்பா, காற்றில் ஓரிரு அங்குலம் போவதற்குள்ளேயே ஓய்ந்துவிடும்.

யார் பொல்லாதவன்?

ஒரு காகிதத்தைக் குறுக்கே பிடித்தால் போதும், ஆல்பா நின்றுவிடும். மேல்தோலே அதைத் தடுத்துவிடும். பீட்டா, காகிதத்தைத் தாண்டிவிடும். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வைத்தால் நிற்கும். காமா இரண்டையும் தாண்டிவிடும். அதைக் குறைக்க ஈயம் வேண்டும். அல்லது கனமான கான்கிரீட் சுவர் வேண்டும். கோபால்ட் என்ற பொருளிலிருந்து வரும் காமாவைப் பாதியாகக் குறைப்பதற்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஈயம் தேவைப்படும்.

இதற்கும் மின்சாரம்தான் காரணம். ஆல்பாவிலும் பீட்டாவிலும் மின்சாரம் இருக்கிறது. ஆகவே வழியில் உள்ள ஒவ்வோர் அணுவோடும் அவை மல்லுக்கு நிற்கும். சீக்கிரம் களைத்துப் போகும். காமாவுக்கு மின்சாரம் இல்லை. வம்பு தும்பு இல்லாமல் நெடுந்தூரம் போய்விடும்.

அப்படியானால் ஆல்பா சாதுவா? அவசரப்பட வேண்டாம்! உடம்புக்கு வெளியே இருக்கும்வரைதான் அது சாது. மூச்சோடு நுரையீரலுக்குள்ளோ, சோற்றோடு வயிற்றுக்குள்ளோ புகுந்துவிட்டால் அதுதான் பொல்லாதது. தன் பலம் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டி, அங்குள்ள திசுவைக் கெடுத்துவிடும்.

தோரியம் சேர்ந்த மேண்டிலை விளக்கில் தொங்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. அதில் இருந்த தோரியம் கொஞ்சம்தான். ஆனால் உடைந்த மேண்டிலின் தூளை வாயால் ஊதக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. புது மேண்டிலைத் திறந்த வெளியில்தான் முதலில் பற்ற வைக்க வேண்டும். மாற்றிய பிறகு கையைக் கழுவ வேண்டும். இப்போது பல நாடுகளில் தோரியம் இல்லாமலே மேண்டில் செய்கிறார்கள். ஆனாலும் பரணில் பழைய மேண்டில் கிடந்தால் எச்சரிக்கை தேவை.

தொழிற்சாலையில் காமா

பெட்ரோமாக்ஸ் காலம் போயிற்று. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1965-ல் அங்கிருந்து முதல் “விஜயந்தா” டாங்கி வெளிவந்தது. வயல்களாக இருந்த இடமெல்லாம் லேத்துப் பட்டறை, வெல்டிங் பட்டறை, வார்ப்படச் சாலை என்று மாறிவிட்டது.

இரும்பு வேலை எங்கே பெருகுகிறதோ அங்கே காமாவுக்கும் வேலை உண்டு.

பெரிய கொதிகலனை வெல்டிங் வைத்து இணைக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒட்டு வழவழப்பாக இருக்கும். உள்ளே விரிசல் இருக்கிறதா? உடைத்துப் பார்க்க முடியுமா? அங்கேதான் காமா உதவுகிறது. ஒரு பக்கம் கதிர்ப் பொருளை வைத்து, மறு பக்கம் பிலிம் வைப்பார்கள். காமா இரும்பை ஊடுருவிப் போய் பிலிமில் விழும். விரிசல் இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே எடுப்பது போலத்தான்.

இதற்கு இரிடியம் அல்லது கோபால்ட் பயன்படுகிறது. குண்டுமணி அளவுதான் இருக்கும். கனமான உலோகக் கவசத்துக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். வேலை நடக்கும்போது சுற்றிலும் கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அதைக் கையாளலாம். இதையெல்லாம் கண்காணிக்க 1983 முதல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்ற மத்திய அமைப்பு இருக்கிறது.

காமா உயிரையும் காக்கும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1950-களிலேயே கோபால்ட் சிகிச்சைக் கருவி வைக்கப்பட்டது. அடக்கி ஆண்டால் காமா மருந்து. கட்டு மீறினால்?

டில்லியில் நடந்தது

2010-ம் ஆண்டு. டில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைகள் நிறைந்த ஒரு தெரு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஓர் ஆராய்ச்சிக் கருவி பிப்ரவரியில் ஏலத்துக்கு வந்தது. பழைய இரும்பு வியாபாரிகள் எடுத்தார்கள். அதற்குள் கோபால்ட் இருந்தது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது.

கருவியைப் பிரித்தார்கள். ஈயக் கவசம் போயிற்று. உள்ளே இருந்த உலோகத் துண்டுகள் கை மாறின. அவை சுடவில்லை, ஒளிரவில்லை, நாற்றமும் இல்லை. சாதாரண இரும்புத் துண்டு என்றே நினைத்தார்கள்.

சில நாட்களில் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. தோல் கறுத்தது. முடி கொட்டியது. ஏப்ரல் மாதம் விஷயம் வெளியே தெரிந்தது. கடைத் தொழிலாளி ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். வேறு பலர் நீண்ட சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தார்கள்.

“டிக்... டிக்... டிக்...”

தெருவில் ஒளிந்து கிடந்த கோபால்ட் துண்டுகளை எப்படித் தேடிப் பிடிக்க முடியும்? கதிரை உணரும் கருவிகளால்தான். அவற்றில் பெயர் பெற்றது கைகர் கருவி. ரூதர்போர்டிடம் உதவியாளராக இருந்த கைகர் உருவாக்கியது.

அதன் உள்ளே ஒரு குழாய். குழாயில் வாயு. நடுவில் ஒரு மெல்லிய கம்பி. கம்பிக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்சாரம். ஆக, குழாய்க்குள் இருப்பது மின்புலம்! காமா உள்ளே வந்தால் குழாயின் சுவரிலிருந்து ஓர் எலெக்ட்ரானை உதைத்துத் தள்ளும். அந்த எலெக்ட்ரானை மின்புலம் கம்பி பக்கம் இழுக்கும். ஓடுகிற ஓட்டத்தில் அது இன்னும் பல எலெக்ட்ரான்களைக் கிளப்பும். உடனே கருவி “டிக்” என்று சத்தம் போடும்.

மின்புலத்துக்கு வளைந்து கொடுக்காத காமாவும் கடைசியில் அதே மின்புலத்திடம் மாட்டிக்கொள்கிறது!

அடையாளம் இதுதான்

காயலான் கடை வைத்திருப்பவர்களும், பட்டறையில் வேலை செய்பவர்களும், அவர்கள் வீட்டாரும் ஓர் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை. நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி விசிறியின் இறக்கை போல மூன்று பட்டைகள். இதுதான் கதிரியக்க எச்சரிக்கை. 2007 முதல் இன்னோர் அடையாளமும் உண்டு. சிவப்பு முக்கோணத்துக்குள் அதே விசிறி, மண்டையோடு, ஓடும் மனிதன்.

இந்த அடையாளம் உள்ள பெட்டியோ, அளவுக்கு மீறிக் கனக்கும் இனந்தெரியாத உருளையோ பழைய இரும்போடு வந்தால் என்ன செய்வது?

உடைக்கக் கூடாது. வெட்டக் கூடாது. கையில் எடுக்கக் கூடாது. எல்லோரும் விலகிப் போக வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே ஓடுவதே முதல் மருந்து. பிறகு 112-க்குப் போன் செய்து போலீசுக்குச் சொல்ல வேண்டும். மற்றதை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆல்பாவுக்குக் காகிதம் போதும். பீட்டாவுக்கு மெல்லிய தகடு போதும். காமாவுக்கு ஈயமும் தூரமும் வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு தகடுகளுக்கு நடுவே கதிர்களை விட்டுப் பார்த்ததால் கிடைத்த அறிவு இது. டில்லித் தெருவில் அந்தத் துண்டுகளைப் பிரித்தவர்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இரும்போடு பிழைப்பவர்கள் வீட்டில், இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்!